அத்தையின் கணக்கை யார் திறந்தது?

இதை எழுதலாமா என்று அத்தையிடம் இரண்டு முறை கேட்டேன். முதல் முறை "சரி" என்றார். அவருடைய "சரி"யை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை இந்த நிகழ்விலேயே கற்றிருந்ததால், ஒரு வாரம் விட்டு மறுபடி கேட்டேன். "தமிழ்லதானே எழுதப்போற? எழுது. பிரெஞ்சுல வேணாம்" என்றார். அவருடைய மகனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவரை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்தவற்றின் வரிசையை மாற்றவில்லை.

நான் இந்தியப் பெருங்கடலில் பிரான்சின் ஒரு மாவட்டமாக இருக்கும் ரெயூனியன் தீவின் கிழக்குக் கரையில், வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் செவிலியர். காரைக்காலில் பிறந்து, திருமணமாகி இங்கே வந்தவள். சேன்-ஆந்த்ரே பக்கம் எனக்குக் காலை ஆறு மணிக்கே சுற்று தொடங்கிவிடும். சர்க்கரை பார்ப்பது, இன்சுலின் போடுவது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது. பிரான்சின் சராசரியைவிட இந்தத் தீவில் சர்க்கரை நோய் ஏறத்தாழ இரண்டு மடங்கு அதிகம் என்பதால் எனக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. "அத்தை" என்று நான் அழைப்பவர் ரத்த உறவு அல்ல, ஊர் உறவு. அவரும் காரைக்கால்தான். கணவர் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பத்தைச் சேர்ந்தவர். புதுச்சேரிப் பகுதிகள் இந்தியாவுக்குக் கைமாறிய ஒப்பந்தம் 1962 ஆகஸ்டில் நடப்புக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று கையெழுத்திட்டவர்கள் அவர்கள். அத்தைக்கு இப்போது அறுபதுகளின் கடைசி. கணவர் இல்லை. தமிழ் வாரப் பத்திரிகை படிப்பார், தீவின் பேச்சுமொழியான கிரியோல் சரளமாகப் பேசுவார், பிரெஞ்சு காதால் புரியும், எழுத்து தெரியாது.

ஒரே மகன். நல்லவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் கெட்டவர் என்று யாரும் இல்லை. அதுதான் இதை ஆராய்வதில் உள்ள சிக்கலே.

தகர டப்பாவுக்குள் போன கடிதம்

2022 தொடக்கத்தில் பிரான்சின் மருத்துவக் காப்பீட்டு அமைப்பு நாடு முழுவதும் ஒவ்வொருவருக்கும் ஒரு தகவல் அனுப்பியது. சிலருக்கு மின்னஞ்சல், சிலருக்குத் தபால். "மோன் எஸ்பாஸ் சாந்தே", அதாவது "என் நலவாழ்வு இடம்" என்ற பெயரில் உங்களுக்கு ஒரு மின்கணக்கு திறக்கப்போகிறோம். உங்கள் ரத்தப் பரிசோதனை, மருந்துச் சீட்டு, மருத்துவமனை அறிக்கை எல்லாம் அதில் சேரும். வேண்டாம் என்றால் குறித்த காலத்துக்குள் சொல்லுங்கள். இணையத்தில் சொல்லலாம், 3422 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் சொல்லலாம். சாரம் இவ்வளவுதான். அத்தையின் வீட்டில் அந்தக் கடிதம் முருகன் படத்துக்குப் பின்னால் இருக்கும் பிஸ்கெட் டப்பாவுக்குள் போயிற்று. அரசாங்க முத்திரை உள்ள தாள் எதுவாக இருந்தாலும் அங்கேதான் போகும். கிழிக்க மாட்டார், படிக்கவும் முடியாது.

இந்தத் திட்டத்துக்கு ஒரு நீண்ட கதை உண்டு. 2004 ஆகஸ்டில் வந்த சட்டத்தில் இதன் முதல் வடிவம் பிறந்தது. அப்போது நோயாளி தானாக முன்வந்து "எனக்கு வேண்டும்" என்று சொன்னால்தான் கோப்பு திறக்கப்படும். 2007க்குள் முடித்துவிடுவோம் என்றார்கள். 2011இல்தான் மக்கள் கைக்கு வந்தது. கோடிக்கணக்கான யூரோ செலவான பிறகும், சட்டம் வந்து பத்தாண்டு கழித்துத் திறந்திருந்த கோப்புகள் சில லட்சங்கள்தான். 2016இல் பெயரின் கடைசிச் சொல்லை மாற்றி, "தனிப்பட்ட" என்பதை எடுத்துவிட்டு "பகிரப்பட்ட" என்று வைத்தார்கள். டிஎம்பி (DMP) என்ற மூன்றெழுத்துச் சுருக்கம் மட்டும் அப்படியே இருந்தது. அந்த ஒரு சொல் மாற்றத்தைக் கவனித்தவர்கள் குறைவு. பொறுப்பு காப்பீட்டு அமைப்பிடம் போயிற்று. 2018 நவம்பரில் நாடு முழுக்க விளம்பரம் செய்தார்கள். அப்போதும் எதிர்பார்த்த வேகம் வரவில்லை. கடைசியில் 2019 ஜூலைச் சட்டம் கேள்வியையே திருப்பிப்போட்டது. "வேண்டுமா?" என்று கேட்பதை விட்டு, "வேண்டாம் என்றால் சொல்" என்றது. மூன்று மாவட்டங்களில் சோதித்துப் பார்த்துவிட்டு, 2022 பிப்ரவரியில் எல்லோருக்கும் வந்தது. ஏறத்தாழ ஆறரைக் கோடிக் கணக்குகள் திறந்தன. வேண்டாம் என்று சொன்னவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான்.

இதற்கு நம்மிடம் ஒரு வழக்கு உண்டு: மௌனம் சம்மதம். பெண் பார்க்க வந்த வீட்டில், தலை குனிந்து நிற்கும் பெண்ணைப் பார்த்துப் பெரியவர்கள் சொல்வது. அத்தையின் திருமணமே அப்படித்தான் முடிவானது என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். சட்டக்காரர்களைக் கேட்டால் வேறு பதில் வரும்: இந்தக் கணக்கு திறப்பது சம்மதத்தின் பேரில் நடப்பதே இல்லை, பொதுநலப் பணி என்ற அடிப்படையில் நடக்கிறது, மறுக்கும் உரிமை மட்டும் உங்களுக்கு உண்டு என்பார்கள். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி அது செல்லும். ரெயூனியனும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்தான் இருக்கிறது, ஆகவே அந்த விதிகள் எங்களுக்கும் அப்படியே பொருந்தும். சரி. ஆனால் மறுப்பதற்குக் கடிதத்தைப் படித்திருக்க வேண்டுமே.

கணக்கு தானாகத் திறந்தது. அதை உயிர்ப்பித்தது மகன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வந்தவன், அம்மாவின் காப்பீட்டு அட்டையை வாங்கி, தன் கைபேசியிலேயே பதிவு செய்தான். அம்மாவுக்கு மின்னஞ்சல் கிடையாது, ஆகவே அவன் மின்னஞ்சல். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன், ஆகவே அவன் கைபேசி எண். "உன் சர்க்கரை ரிசல்ட்டெல்லாம் இதுல வரும்மா, நான் பாத்துக்கறேன்" என்றான். அத்தை "சரி" என்றார்.

எழுத்துப்பிழை காத்த ரகசியம்

அதற்கப்புறம் ஓராண்டுக்கு மேல் அந்தக் கணக்கில் பெரிதாக எதுவும் சேரவில்லை. காரணம் வேடிக்கையானது, ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு நன்றாகவே புரியும்.

ஒரு ஆவணம் ஒருவரின் கணக்கில் தானாகப் போய்ச் சேர வேண்டுமென்றால், மருத்துவமனை வைத்திருக்கும் அடையாளமும் தேசியப் பதிவில் இருக்கும் அடையாளமும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பிறப்புக் குடும்பப் பெயர், பிறப்புப் பெயர்கள், பிறந்த நாள், பாலினம், பிறந்த இடத்தின் குறியீடு, இவற்றோடு காப்பீட்டு எண். இந்தத் தேசிய நலவாழ்வு அடையாளம் 2021 ஜனவரி முதல் கட்டாயம். இங்கே பிறந்த மகனின் எண்ணில் 974 இருக்கும். வெளியே பிறந்தவர்களுக்கு அந்த இடத்தில் 99. அது சிக்கல் இல்லை. சிக்கல் பெயரில்தான். அத்தைக்குக் காரைக்கால் பிறப்புச் சான்றில் ஒரே பெயர், கூடவே அப்பா பெயர். பிரெஞ்சுக் காகிதத்தில் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. மருத்துவமனையில் பல ஆண்டுகளுக்கு முன் யாரோ இரண்டையும் தலைகீழாக ஏற்றி, ஒரு எழுத்தையும் விட்டிருந்தார்கள். அதனால் அவருடைய அறிக்கைகள் மருத்துவமனைக் கணினியிலேயே கிடந்தன. கணக்குக்குப் போகவில்லை.

2023 இலையுதிர்ப் பருவத்தில், எங்களுக்கு அது வெயில் ஏறும் காலம், ஒரு சேர்க்கைப் பிரிவு ஊழியர் கடவுச்சீட்டைக் கேட்டு வாங்கி அந்தப் பெயரைச் சரிசெய்தார். வேலையைச் சுத்தமாகச் செய்பவர். தவறான ஆளுக்குத் தவறான ரத்தம் ஏறாமல் இருக்க இந்தச் சரிபார்ப்பு எவ்வளவு தேவை என்பது எனக்குத் தெரியும். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அத்தையின் ரகசியத்தை அதுவரை காப்பாற்றி வந்தது அந்த எழுத்துப்பிழைதான் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

டிசம்பர்

50 முதல் 74 வயதுவரையுள்ள பெண்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மார்பகப் பரிசோதனைக்கு அழைப்பு வரும். அத்தை இந்த முறை போனார், பக்கத்து வீட்டுக் கிரியோல் அம்மாளுடன். படத்தில் ஏதோ தெரிந்தது. சதைத் துணுக்கு எடுக்க நாள் குறித்தார்கள். டிசம்பர் நடுவில் அதுவும் முடிந்தது. முடிவு வந்ததும் 28ஆம் தேதி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

என்னிடம் மட்டும் சொன்னார். கூடவே ஒரு நிபந்தனை. "அவன்கிட்ட மூச்சு விடாதே. காப்புக் கட்டியிருக்கான்."

இங்கே ஆண்டு முடிவிலும் ஜனவரியிலும் தீமிதி நடக்கும். மால்பார் என்று இங்கே அழைக்கப்படும் எங்கள் சனங்களுக்கு அதைவிடப் பெரிய காரியம் இல்லை. பதினெட்டு நாள் விரதம். கரேம் என்பார்கள். மகன் ஜனவரி முதல் வாரத்தில் தீயில் இறங்கப்போகிறான். அத்தையின் கணக்கு எளிமையானது: தீக்குள் இறங்குகிறவனுக்கு மனசு கலங்கக் கூடாது. முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

ஒரு நோயாளி தன் நோயைத் தன் மகனிடம் சொல்லாமல் இருக்கலாமா? இருக்கலாம். அவ்வளவு தெளிவான உரிமை வேறு இல்லை.

22ஆம் தேதி இரவு முடிவு கணக்கில் ஏறியது. "புதிய ஆவணம் சேர்ந்துள்ளது" என்று மின்னஞ்சல் போயிற்று. மகனுக்கு. திறந்தான், படித்தான். பிரெஞ்சு மருத்துவச் சொற்கள் அவனுக்குப் பழக்கமில்லைதான், ஆனால் அந்த ஒரு சொல் யாருக்கும் தெரியும்.

மறுநாள் காலை எனக்குப் போன். "அக்கா, அம்மாவுக்குக் கேன்சராம். அம்மாகிட்ட சொல்லாதீங்க. தீமிதி முடியட்டும். தாங்க மாட்டாங்க." அவன் அழுதான். நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? "சரி" என்றேன்.

அதே நாளில் அவன் மருத்துவமனைப் பிரிவுக்குப் போன் செய்து, அம்மாவின் காப்பீட்டு எண்ணைச் சொல்லி, 28ஆம் தேதிச் சந்திப்பைத் தள்ளிவைத்தான். எண் சரியாக இருந்ததால் அந்தப் பக்கத்தில் யாரும் கேள்வி கேட்கவில்லை. அம்மாவிடம் "டாக்டர் லீவும்மா" என்றான். மறுநாள் ஊசி போடும்போது அத்தை என்னைக் கேட்டார்: "லீவா? கிறிஸ்மஸுக்குப் போயிருப்பாரோ?" நான் "இருக்கும் அத்தை" என்றேன். நான்கு நாள் இப்படி ஓடியது. அம்மா மகனுக்காக மறைக்கிறார், மகன் அம்மாவுக்காக மறைக்கிறான், இரண்டு பேரிடமும் "சரி" சொன்ன நான் நடுவில் நின்று ஊசி போடுகிறேன்.

27ஆம் தேதி உடைந்தது. அத்தையின் குடும்ப மருத்துவர் தன் திரையில் முடிவைப் பார்த்திருக்கிறார். மறுநாள் சந்திப்பு ரத்தாகியிருப்பதையும் கவனித்திருக்கிறார். கவலைப்பட்டு வீட்டுக்குப் போன் செய்தார். கிரியோலில் பேசினார். கணக்கில் முடிவு வந்து ஐந்து நாளாகிவிட்டதால் அத்தைக்குத் தெரிந்திருக்கும் என்ற நினைப்பில், சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று தொடங்கிவிட்டார்.

மறுநாள் காலை நான் போனபோது அத்தை திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஊசிப் பெட்டியைத் திறக்கவிடவில்லை. "உனக்கும் தெரியும், இல்ல?"

தெரியும் என்றேன். வேறு என்ன சொல்ல?

சட்டம் யோசித்ததும் யோசிக்காததும்

இந்த இடத்தில் செவிலியராக என் தவறை முதலில் எழுதிவிட வேண்டும். பிரெஞ்சுக் குற்றவியல் சட்டத்தில் தொழில் ரகசியத்தை வெளியிட்டால் ஓராண்டுச் சிறை, 15,000 யூரோ அபராதம். நான் அத்தையின் ரகசியத்தை மகனிடம் வெளியிடவில்லை. ஆனால் அவருடைய சொந்தத் தகவலை அவரிடமிருந்தே மறைக்க உடன்பட்டேன். 2002 மார்ச் 4ஆம் தேதிச் சட்டத்தின்படி தன் உடல்நிலை பற்றி அறிவது நோயாளியின் உரிமை. அறிய வேண்டாம் என்று இருப்பதும் அவர் உரிமைதான், ஆனால் அதை அவர் வாயால் சொல்ல வேண்டும். மகன் அவருக்காகச் சொல்ல முடியாது. நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான்: மகனிடம் "இதை நான் கேட்டதாகவே வைத்துக்கொள்ளாதே, டாக்டரிடம் பேசு" என்று சொல்லி, அதே நிமிடம் குடும்ப மருத்துவரை அழைத்திருக்க வேண்டும்.

அந்தச் சட்டம் குடும்பத்தை மறந்துவிடவில்லை. கடுமையான நோய் என்றால், நோயாளி மறுக்காத பட்சத்தில், அவருக்குத் துணைநிற்கத் தேவையான அளவு தகவலை நெருங்கியவர்களுக்கு மருத்துவர் சொல்லலாம் என்கிறது. "நம்பிக்கைக்குரியவர்" என்று ஒருவரை எழுத்தில், இருவர் கையெழுத்தோடு நியமிக்கவும் வழி வைத்திருக்கிறது. மகனாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, தோழியாக இருக்கலாம், குடும்ப மருத்துவராகவும் இருக்கலாம். புற்றுநோயைச் சொல்வதற்கென்றே தனிச் சந்திப்பு வேண்டும் என்பது 2003இல் தொடங்கிய முதல் புற்றுநோய்த் திட்டத்திலேயே வந்துவிட்டது. நேருக்கு நேர், நேரம் எடுத்து, கூடவே ஒரு செவிலியர்.

கணக்கை வடிவமைத்தவர்களும் இதை யோசித்திருக்கிறார்கள். ஆவணத்தை ஏற்றும்போது, நேரில் சொல்லி முடிக்கும்வரை நோயாளியின் கண்ணில் படாமல் வைக்க ஒரு வசதி உண்டு. அத்தையின் முடிவை ஏற்றியவர்கள் அதைப் பயன்படுத்தவில்லை. எந்த ஆவணங்களைக் கட்டாயம் ஏற்ற வேண்டும் என்று 2022 ஏப்ரலில் பட்டியல் வந்த பிறகு, ஏற்றுவது பெரும்பாலும் தானாக நடக்கிறது. நிறுத்தி யோசிக்க அங்கே ஆள் இல்லை. ஒரு வேளை வசதியைப் பயன்படுத்தியிருந்தால் இந்த நிகழ்வே இல்லை.

ஆனால் அது தற்செயலாகத்தான் காப்பாற்றியிருக்கும். அந்த வசதி, அதிர்ச்சியான செய்தியைத் திரையில் படிக்கும் நோயாளிக்காக வைக்கப்பட்டது. திரைக்கு முன்னால் நோயாளி இல்லை, வேறு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்ற நினைப்பு அந்த அமைப்பில் எங்கேயும் இல்லை.

இன்னும் கொஞ்சம் தோண்டினால் விசித்திரம் கூடுகிறது. சிறு வயதுப் பிள்ளைகளின் கணக்கு பெற்றோரின் கணக்கோடு ஒட்டியிருக்கும். பதினாறு வயதுப் பெண் தன் பெற்றோருக்குத் தெரியாமல் ஒரு சிகிச்சை பெறலாம், அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. அதனால் அந்த ஆவணத்தைப் பெற்றோர் கண்ணில் படாமல் வைக்கத் தனிக் குறி ஒன்று இருக்கிறது. ஆக, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் பாதுகாப்பு உண்டு. பிள்ளையிடமிருந்து பெற்றோருக்கு? இல்லை.

அத்தை ஒரு கேள்வி கேட்டார்: "இந்த ஒரு தாளை மட்டும் அவன் பாக்காம வெக்க முடியாதா?" முடியாது. ஆவணத்தை மறைக்கும் பொத்தான் உண்டு. ஆனால் அது மருத்துவத் துறையினரிடமிருந்து மறைக்க. அப்போதும் அதை எழுதியவருக்கும் குடும்ப மருத்துவருக்கும் தெரியும். குறிப்பிட்ட ஒரு மருத்துவரை முழுவதுமாகத் தடுக்கவும் முடியும். அவசர காலத்தில் பார்க்கும் அனுமதியை மறுக்கவும் முடியும். வேலை கொடுப்பவர் கேட்க முடியாது, காப்பீட்டு ஒப்பந்தம் போடுகிறவர் கேட்க முடியாது. தொழிலக மருத்துவரும் தொழிலாளியின் வெளிப்படையான சம்மதம் இருந்தால்தான் பார்க்கலாம். வெளியாள் வரக்கூடிய வாசலுக்கெல்லாம் பூட்டு இருக்கிறது. வீட்டாள் வரும் வாசலுக்குக் கதவே இல்லை.

பதிவேட்டில் இருந்தது

ஜனவரி முதல் வாரத்தில் மூன்று பேரும் உட்கார்ந்து கணக்கைத் திறந்தோம். அத்தைதான் கேட்டார்: யார் யார் பார்த்தார்கள் என்று தெரியுமா? தெரியும். யார் எப்போது எதைத் திறந்தார்கள் என்று வரிவரியாக வரும் வரலாற்றுப் பக்கம் ஒன்று உண்டு. இந்த அமைப்பில் நான் மிகவும் மதிக்கும் பகுதி அது.

ஏன் மதிக்கிறேன் என்பதற்கு இந்தத் தீவைத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்பது லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான சனம். ரத்தம் எடுக்கும் இடத்தில் ஒரு சித்தி மகள், படம் எடுக்கும் இடத்தில் மருமகளின் தோழி, மருந்துக்கடையில் கோயில் பூசாரியின் தம்பி. ஊர் வம்புக்குக் கிரியோலில் லாதிலாஃபே என்று பெயர். அவள் சொன்னாள், அவன் செய்தான் என்று பொருள். ஒருவருக்கு என்ன நோய் என்பது அவருக்குத் தெரிவதற்கு முன் சந்தைக்குத் தெரிந்துவிடும் என்று கிண்டலாகச் சொல்வோம். காகிதக் கோப்பை யார் புரட்டினார் என்று யாராலும் சொல்ல முடியாது. மின்கோப்பில் கை வைத்தால் பெயரோடு தடம் விழும். புதிதாக ஒரு மருத்துவர் பார்த்தால் மின்னஞ்சலும் வரும். அத்தை பயந்தது மருமகளின் தோழியைத்தான். அவள் பார்க்கவே இல்லை என்று பக்கம் காட்டியது.

அப்புறம் அந்த வரிக்கு வந்தோம். டிசம்பர் 22, இரவு ஒன்பதே முக்கால். ஆவணம் பார்க்கப்பட்டது. பார்த்தவர்: கணக்குக்கு உரியவர்.

நான் பிரெஞ்சில் வாசித்து, தமிழில் சொன்னேன். அத்தை கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் பெயரின் எழுத்து உருவம் மட்டும் அவருக்குத் தெரியும். "எம் பேர்ல படிச்சிருக்கே. நான் எப்பப் படிச்சேன்?" என்றார். மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அந்த வரி. தகவல் கசிந்தது என்று ஒரு புகார் எழுதினால், விசாரிப்பவர் முதலில் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். அது சொல்லும்: கசிவே இல்லை, நோயாளி தன் முடிவைத் தானே படித்தார். குடும்ப மருத்துவர் அவருக்குத் தெரியும் என்று நினைத்ததும் அதே தவறுதான். அவரை எப்படிக் குறை சொல்வது? அமைப்பே அப்படித்தான் நினைக்கிறது. கணக்கும் ஆளும் ஒன்று என்று.

பத்திரிகைகளில் வரும் கசிவுகள் வேறு வகை. 2021 பிப்ரவரியில் ஆய்வகங்களின் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரின் தகவல் இணையத்தில் கொட்டிக் கிடந்தது. மென்பொருள் நிறுவனமான தெதாலூசுக்குத் தரவு ஆணையம் அடுத்த ஆண்டு 15 லட்சம் யூரோ அபராதம் போட்டது. 2022 மார்ச்சில் பெரும்பாலும் மருந்தாளுநர்களான மருத்துவத் துறையினர் சிலரின் கணக்குகளைக் கைப்பற்றி ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் காப்பீட்டு விவரங்களை எடுத்தார்கள். 2024 தொடக்கத்தில், காப்பீட்டுப் பணப் பட்டுவாடா செய்யும் இரண்டு நிறுவனங்களிலிருந்து 3 கோடியே 30 லட்சம் பேரின் விவரங்கள் போயின. இவையெல்லாம் பெரிய விஷயம்தான், சந்தேகமில்லை. ஆனால் பதினாறு ஆண்டாக வீடு வீடாகப் போகும் எனக்கு, அந்த வகையில் பாதிக்கப்பட்டு என்னிடம் வந்து அழுத நோயாளி ஒருவரும் இல்லை. அத்தை மாதிரி எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கினால் இரண்டு கை போதாது. பிள்ளை பதிவு செய்த கணக்கு, பேத்தி மாற்றிய கடவுச்சொல், மருமகன் எண்ணுக்குப் போகும் குறுஞ்செய்தி. எல்லாமே உதவி. எல்லாமே அன்பு.

அதற்கப்புறம்

தள்ளிவைத்த சந்திப்பு ஜனவரி 4ஆம் தேதிக்குக் கிடைத்தது. ஆக ஒரு வாரத் தாமதம். நோயின் போக்கில் அது எதையும் மாற்றவில்லை என்றார் மருத்துவர். அந்த வாரத்தை ஒன்றுமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். சந்திப்புக்கு அத்தை என்னைக் கூட்டிப்போனார், மகனை வெளியே உட்கார வைத்தார். நான் மொழிபெயர்த்தேன், ஒரு சொல்லையும் விடாமல். மகன் தீமிதியில் இறங்கினான். அத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். 15ஆம் தேதி பெலால் புயல் தீவைப் புரட்டிப்போட்டதால் எல்லாத் தேதிகளும் கலைந்தன. மாதக் கடைசியில் அறுவை முடிந்தது. அப்புறம் கதிர்வீச்சு. இப்போது நன்றாக இருக்கிறார்.

கணக்கை என்ன செய்வது என்பதில்தான் நேரம் போயிற்று. மூடிவிடலாம், ஆனால் மூடிய பிறகும் உள்ளே இருப்பவை பத்து ஆண்டு பாதுகாக்கப்படும், அதோடு சிகிச்சை நடக்கும் நேரத்தில் மூடுவது நல்லதல்ல. சர்க்கரை, இதயம், புற்றுநோய் என்று மூன்று இடத்தில் மூன்று மருத்துவர்கள் பார்க்கும்போது ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரிவது உயிர் காக்கும் விஷயம். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அத்தையிடம் இரண்டு பக்கத்தையும் சொன்னேன். கடவுச்சொல்லை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார். மறுத்துவிட்டேன். மகன் இருந்த இடத்தில் நான் போய் உட்கார்வதில் என்ன பெரிய வித்தியாசம்?

கடைசியில் செய்தது இது. கணக்கில் மகனின் மின்னஞ்சலையும் எண்ணையும் எடுத்துவிட்டு, அத்தையின் பட்டன் போன் எண்ணைப் போட்டோம். நுழையும் ஒவ்வொரு முறையும் குறுஞ்செய்தியில் வரும் எண் அதற்குத்தான் வரும். எண்களைப் படிக்க அத்தைக்கு எந்த மொழியும் தேவையில்லை. கடவுச்சொல் தமிழ் நாட்காட்டியின் பின்பக்கம், அவருக்கு மட்டும் புரியும் விதத்தில் எழுதியிருக்கிறது. நம்பிக்கைக்குரியவராக மகனை நியமிக்கவில்லை, பக்கத்து வீட்டுக் கிரியோல் அம்மாளை நியமித்தார். மகனுக்கு அது வலித்தது. மருத்துவமனை, ஆய்வகம் இரண்டிடமும், அத்தை அல்லாத யார் அழைத்தாலும் சந்திப்பை மாற்றக் கூடாது என்று எழுதிக் கொடுத்தோம். இதுவும் போன் எடுப்பவரின் கவனத்தைப் பொறுத்தது. நானும் என் சுற்றில் உள்ளவர்களிடம் இப்போது ஒரு கேள்வி சேர்த்துக் கேட்கிறேன்: உங்கள் கணக்கின் குறுஞ்செய்தி யார் போனுக்கு வருகிறது? பாதிப் பேருக்குத் தெரியவில்லை. சிலர் கணக்கு என்று ஒன்று இருப்பதையே அப்போதுதான் கேள்விப்படுகிறார்கள்.

மகனுக்கு எதுவும் தெரியக் கூடாது என்பது அத்தையின் எண்ணமே இல்லை. அதனால் ஒவ்வொரு முடிவுக்கும் காகிதப் பிரதி கேட்டு வாங்குகிறார். முருகன் படத்துக்குப் பின்னால் பிஸ்கெட் டப்பா இப்போது இரண்டாகிவிட்டது. நான் வந்ததும் புதுத் தாளை எடுத்துக் கொடுப்பார், நான் முழுவதையும் தமிழில் வாசிப்பேன், இரண்டு கேள்வி கேட்பார். ஞாயிற்றுக்கிழமை மகன் போன் செய்யும்போது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தப் பிரெஞ்சுத் தாளைப் படிப்பது போலவே கையில் பிடித்துக்கொண்டு, அவனுக்கு எது போதும் என்று நினைக்கிறாரோ அதைச் சொல்கிறார்.